கர்க்கடகக் கீரையும் வசந்தாவின் ரத்தமும்

இளையவர்களே, போன மாதம் உங்கள் லேபைச் சுற்றிக் காட்டினீர்கள். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க இப்போது ஒரு பெட்டி வந்துவிட்டது. பிளாஸ்மாவை வைத்தால் எண் தானாக அச்சாகி வெளியே வருகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் காலத்தில் வெந்நீர்த் தொட்டிக்குள் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஸ்டாப் வாட்சுடன், குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று ஜவ்வாகி நிற்கும். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் எரிந்து விழுவேன். ஓய்வுபெற்று இத்தனை வருடம் ஆகியும் இருமல் மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தால் என் மணிக்கட்டு தானாகச் சாய்கிறது. வீட்டில் சிரிக்கிறார்கள்.

அன்று உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், ரிசல்ட் வழக்கத்துக்கு மாறாக வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற பையன், "ரிப்பீட் போடணும்" என்றான். சரிதான். ரிப்பீட் போட்டும் அதே எண் வந்தால்? அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவசரக்காரர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போகலாம், ஆனால் அங்கே உங்களுக்கு ஒன்றும் புரியாது.

நான் வேலை பார்த்தது உதியன்குளங்கரைச் சந்திப்பில் ஒரு டாக்டரின் சிறிய ஆஸ்பத்திரியில். களியக்காவிளைக்குப் போகும் பஸ்களும் திருவனந்தபுரத்துக்குப் போகும் பஸ்களும் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். பாறசாலைப் பக்கத்து ஊர்களிலிருந்து வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் லேபின் பாதி வேலை பாஸ்போர்ட் எடுத்த பையன்களின் ரத்தத்தைப் பார்ப்பது. போனவர்கள் அனுப்பிய பணத்தில் ஓலைக் கூரைகள் கான்கிரீட் ஆயின. தங்கராஜன் என்ற ஒருவன் கட்டட வேலை செய்து அனுப்பிய பணத்தில் அவன் தங்கை வசந்தாவின் நெஞ்சுக்குள் ஓர் உலோக வால்வு வந்தது.

சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தைக் கெடுத்திருந்தது. ஆபரேஷன் செய்தவர்கள், வாழ்நாள் முழுவதும் மாத்திரை, மாதா மாதம் ரத்தச் சோதனை என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் சிலவற்றைக் கல்லீரல் செய்து முடிக்க ஒரு சத்து வேண்டும். அதைத்தான் வைட்டமின் கே என்கிறோம். மாத்திரை அந்தச் சத்தை வேலை செய்யவிடாது. மாத்திரை போதவில்லை என்றால் அந்தப் புரதங்கள் உலோகத்தின் மேல் கட்டி கட்டும். கட்டி அறுபட்டு மூளைக்குப் போனால் ஒரு பக்கம் விழுந்துவிடும், அல்லது ஆளே போய்விடும். மாத்திரை அதிகமானால் உள்ளேயும் வெளியேயும் ரத்தம் நிற்காது. இரண்டுக்கும் நடுவே வரப்பு மாதிரி ஒரு பாதை. இருபது சொச்சம் வயதுள்ள அந்தப் பெண் அதில்தான் நடந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய அம்மா தாயம்மை பெருங்கடவிளைக்காரி. டாக்டருடைய குடும்பத்தின் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவள். நிலச் சீர்திருத்தம் வந்தபோது, குடியிருக்கிறவர்களுக்குப் பத்து செண்ட் சொந்தம் என்றார்கள். டாக்டரின் அப்பா கோர்ட்டுக்குப் போனார். விதவையான தாயம்மையும் விடாமல் போனாள். கடைசியில் பத்து செண்ட் அவள் பெயருக்கே வந்தது. டாக்டர் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்த பையன். ஆனாலும் அந்த வழக்குக்குப் பிறகு இரு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

இந்தச் சோதனைக்கு எங்கள் பக்கத்தில் வேறு இடம் இல்லாததால் தாயம்மை அவரிடமே வரவேண்டியதாயிற்று. தலையை நிமிர்த்திக்கொண்டு வருவாள். டாக்டர் எதிரே உட்கார்ந்து, "பிள்ளைக்குப் பசி உண்டா?" என்று கேட்பார். தாயம்மை என் பக்கம் திரும்பி, "பசி உண்டு சாரே" என்பாள். எங்கள் பக்கம் படித்த பெண்ணையும் சாரே என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டரைப் பார்த்து, "பசி உண்டாம்" என்பேன். ஒரு மேஜையின் இரு பக்கமும் இருந்த இருவருக்கு நடுவே தபால்காரி வேலை பார்த்தேன். எனக்குக் கோபமாகவும் வரும், சிரிப்பாகவும் வரும்.

ஒரு வருடம் கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், வசந்தாவின் ரத்தம் குழாயில் சட்டென்று கட்டியாகிவிட்டது. மாத்திரை சாப்பிடாத ஆளின் ரத்தம் மாதிரி இருந்தது. ரிப்பீட் போட்டேன். சோதனைக்கு ஊற்றும் மருந்து கெட்டுவிட்டதோ என்று என்னுடைய ரத்தத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது எப்போதும் போல இருந்தது. வசந்தாவுடையதுதான் மாறியிருந்தது.

டாக்டருக்கு முகம் மாறியது. "மாத்திரையை நிறுத்தினியா?" என்று வசந்தாவிடம் கேட்டார்.

"இல்ல டாக்டரே. ஒரு நாளும் விட்டதில்ல" என்றாள் வசந்தா.

"பின்னே இது எப்படி வரும்? உண்மையைச் சொல்லு."

தாயம்மை எழுந்து நின்றுவிட்டாள். இந்தத் தடவையும் என்னைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனால் வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். "சாரே, நான் எனக்க கையாலயாக்கும் குளிகையைக் குடுக்கேன். முழுங்கியது வரைக்கும் வாயைப் பாத்திட்டு நிப்பேன். கோர்ட்டிலயும் நாங்க களவு சொல்லல்ல, இஞ்சயும் சொல்ல மாட்டோம். இதை அவருக்கிட்ட சொல்லுங்க."

சொல்லத் தேவையிருக்கவில்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிப் பார்த்தபோதும் ரத்தம் வேகமாகவே உறைந்தது, இன்னும் கூட்டினார். வேறு வழி இல்லை. வால்வு அடைத்துக்கொண்டால் திருவனந்தபுரம் போய்ச் சேருவதற்குள் எதுவும் நடக்கலாம். அதற்கடுத்த வாரச் சோதனையில் எண் ஒழுங்குக்கு வந்தது. எங்களுக்கு நிம்மதியாகிவிட்டது. ஓணம் கழிந்து வந்தால் போதும் என்று அனுப்பினார்.

அந்த நாள்களின் நிம்மதி இப்போதும் நினைவிருக்கிறது. மழை விட்டு வெயில் தலைகாட்டியது. சந்திப்பில் துணிக்கடைக்காரர் கடைக்கு வெள்ளையடித்தார். ஓணத்துக்கு ஊருக்கு வரும் வளைகுடாக்காரர்களின் டாக்சிகள், தலையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வாசல் வழியே போகத் தொடங்கின. ஒவ்வொரு வண்டி போகும்போதும் நர்சுகள் ஜன்னலுக்கு ஓடுவார்கள். நானும் ஓடியிருக்கிறேன், பெரிய மனுஷி மாதிரி இப்போது பேசுகிறேனே தவிர.

ஆவணி பிறந்து சில நாள்கள் ஆகியிருக்கும். ஒரு காலை தாயம்மை மூச்சிரைக்க லேபுக்குள் வந்தாள். கையில் வாழைநார் கொண்டு கட்டிய பெரிய கீரைக்கட்டு. மத்தன் இலை, பயற்றிலை, தகரை, சேம்பிலை எல்லாம் ஈரம் சொட்டச் சொட்ட இருந்தன.

"சாரே, இது உங்களுக்காக்கும். எனக்க பத்து செண்டுல உண்டானது. தங்கராஜன் இன்னைக்கு உச்சைக்கு மேல வாறான். கோழி வாங்க வந்தேன், அப்படியே இதையும் கொண்டு வந்தேன்."

"எதுக்கு இவ்வளவு?"

"கர்க்கடகம் தீந்தாச்சில்லியா, இனி யாரு திங்கியது? களைய மனசு வரல்ல. வாறேன் சாரே, பஸ்ஸு போயிரும்." போய்விட்டாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ரத்தக் குழாய்கள் இருக்கும் மேஜையில் சேற்றுக் கீரை. கீழே எடுத்து வைப்பதற்குள் டாக்டர் ஒரு ரிப்போர்ட்டுக்காக உள்ளே வந்தார். "என்ன சாரதா, ஆஸ்பத்திரியில பத்திலைத் தோரனா?" என்று சிரித்தார். கர்க்கடகத்தில் பத்து வகை இலைகளைப் பறித்துத் தேங்காய் போட்டுத் தோரன் என்ற பொரியல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மழைக் காலத்தில் உடம்பைத் தேற்ற அதுதான் மருந்து என்று நம்பிக்கை. அவர் வீட்டிலும் உண்டு, என் வீட்டிலும் உண்டு. ஆளுக்கு ஒரு கரண்டி, வாரத்தில் ஓரிரு நாள்.

"தாயம்மை தந்தாள். கர்க்கடகம் முடிந்துவிட்டதாம், இனி தின்ன ஆளில்லையாம்" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவர் சிரிப்பும் நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் அந்தக் கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நெஞ்சைப் பிளந்து தைத்த ஒரு பெண். அவளைத் தேற்றியே தீருவது என்று நிற்கும் ஓர் அம்மா. சொந்த நிலத்தில் முளைத்த கீரை. மூன்று வேளையும் ஊட்டியிருப்பாள். கீரை முழுக்க வைட்டமின் கே. அதனால்தான் ரத்தம் வேகமாக உறைந்தது. அதை அடக்கத்தான் மாத்திரையைக் கூட்டினோம். இப்போது கீரை நின்றுவிட்டது. மாத்திரை நிற்கவில்லை.

"பிள்ளையை இப்பவே கொண்டு வரணும்" என்றார் டாக்டர். காரின் சாவியை எடுத்தவர், அதை டிரைவரிடம் நீட்டினார். "நீ போ சாரதா. நான் போனா அந்த வீட்டுக் கதவு திறக்காது."

பெருங்கடவிளையில் வண்டி போகும் வழி முடிந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு ரப்பர் மரங்களுக்கு ஊடாக நடந்தேன். பத்து செண்ட் என்றால் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். வீடு போக மிச்சம் இருந்த மண்ணில் கால் வைக்க இடமில்லாமல் நட்டிருந்தாள். அடுக்களையிலிருந்து வறுத்த தேங்காயும் மல்லியும் மணத்தன. வசந்தா வராந்தாவில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மடியில் இருந்த துவர்த்துத் துண்டைச் சுருட்டி மறைத்தாள். நான் அதைப் பிடுங்கி விரித்தேன். சிவப்பாக இருந்தது.

"காலத்தே மூக்கில இருந்து வந்தது சாரே. இப்ப நின்னாச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். "அம்மைக்கிட்ட சொல்லாதுங்கோ. அண்ணன் வாறது எத்தனை வருசம் களிஞ்சாக்கும். நாளைக்குப் போவோம்." அவள் பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். முழங்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. எங்கும் இடித்துக்கொள்ளவில்லையாம்.

தாயம்மை கரண்டியுடன் வெளியே வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்று நினைத்தேன். அவள் காதில் விழுந்தது வேறு.

"எனக்க மண்ணுல உண்டான கீரை எனக்க பிள்ளைக்கு விஷமா?"

"விஷம் என்று யாரும் சொல்லவில்லை."

"அன்னைக்கு அவருக்க அப்பன் இந்த மண்ணு உனக்கு இல்லேன்னாரு. இன்னைக்கு மோன் இதில முளைச்சதைத் திங்கப்பிடாதுன்னு சொல்லி விடுகாரு. அந்தக் காருல எனக்க பிள்ளை ஏறாது. மூக்கில சோரை வாறது சூட்டுக்காக்கும். எல்லாருக்கும் வரும்."

எனக்கு அறைந்துவிடலாமா என்று இருந்தது. நான் சாந்தமான ஆள் இல்லை என்று என்னுடன் வேலை பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். அன்று எப்படியோ வாயை மூடிக்கொண்டேன். இவளிடம் வார்த்தை செல்லாது. இவள் கண்ணால் பார்க்கவேண்டும். பையிலிருந்து ஊசியையும் மருந்து எதுவும் போடாத இரண்டு வெறும் கண்ணாடிக் குழாய்களையும் எடுத்தேன். வசந்தாவின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு குழாயில் விட்டேன். ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"தாயம்மை, உன் கையையும் நீட்டு."

"எனக்கு எதுக்கு?"

"எல்லாருக்கும் இப்படித்தான் என்று நீதானே சொன்னாய்? பார்த்துவிடுவோம்."

பிடிவாதக்காரியைப் பிடிவாதத்தால்தான் பிடிக்கமுடியும். நீட்டினாள். இரண்டு குழாய்களையும் ஒரு டம்ளரில் நிறுத்தி, வராந்தாப் படியில் வைத்தேன். மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். உள்ளே கோழி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை தாயம்மை எழுந்து போய்த் தீயைத் தணித்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய குழாயை அவள் கையிலேயே கொடுத்தேன்.

"கவிழ்த்துப் பார்."

பயந்து பயந்து கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. உறைந்த தயிர் மாதிரி உள்ளேயே நின்றது.

"இப்போது இவளுடையதை."

சாய்த்தாள். ரத்தம் குழாயின் வாய் வரைக்கும் ஓடி வந்தது. நிமிர்த்தாள், திரும்ப ஓடியது. இன்னும் ஒரு தடவை சாய்த்தாள். பிறகு மகளின் முழங்கையைப் பார்த்தாள். அழுத்திப் பிடித்திருந்த பஞ்சு நனைந்து விரல்களுக்கு இடையே வழிந்துகொண்டிருந்தது.

தாயம்மை எழுந்தாள். உள்ளே போய் அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, "தங்கராஜன் வந்தா ஆசுபத்திரிக்கு வரச் சொல்லுங்க" என்றாள். வசந்தாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு, யாருடைய கார் என்று பாராமல் ஏறினாள். வழியெல்லாம் மகளின் முழங்கையை அவளே அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

லேபில் வெந்நீர்த் தொட்டியின் முன்னால் நின்று குழாயைச் சாய்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்டாப் வாட்சு ஓடிக்கொண்டே இருந்தது. அது நின்றால் போதும் என்று நான் வேண்டிக்கொண்ட நாள்களில் அதுவும் ஒன்று. எண்ணைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தேன். நர்ஸ் வைட்டமின் கே ஊசியை முழுதாக ஏற்றித் தயாராக வைத்திருந்தாள்.

"முழுசும் வேண்டாம்" என்றார் டாக்டர்.

"டாக்டர், ரத்தம் நிற்கலையே?"

"நிற்கும். முழுசும் போட்டா வால்வும் நிற்கும்."

இளையவர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ரத்தம் வடிந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முன்னால், மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் போதும் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்? ஏதாவது ஆனால், பழைய வழக்குக்குப் பழி தீர்த்தான் என்று ஊரே சொல்லும். அது அவருக்குத் தெரியும். சிறு அளவுதான் போட்டார், மாத்திரையை நிறுத்தினார், உறைய வைக்கும் புரதங்கள் உள்ள புது ரத்தம் ஏற்றவேண்டும் என்றார்.

அப்போதுதான் வாசலில் டாக்சி வந்து நின்றது. மேலே பெட்டிகள், உள்ளே சென்ட் மணக்கத் தங்கராஜன். வேலிக்கு அப்பாலிருந்து எங்கள் பேச்சைக் கேட்டிருந்த பக்கத்து வீட்டாரிடம் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். "அம்மை, நான் வெயிலில கெடந்து வால்வுக்குப் பைசா அனுப்பினேன். நீ கீரையைக் குடுத்து இவளைக் கொல்லப் பாத்தியா!" என்று வராந்தாவில் நின்று கத்தினான். கோர்ட்டில் நின்ற தாயம்மை, மகனின் முன்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

நான் போய் அவன் முன்னால் நின்றேன். "எலே, சத்தத்தைக் குறை. உன் அம்மைக்குக் கீரையால் இப்படி ஆகும் என்று சொல்லிக் கொடுத்தது யார்? நீயா?"

பின்னால் டாக்டரின் குரல் கேட்டது. "நான் சொல்லல்ல தங்கராஜா. மாத்திரையைப் பற்றிக் கேட்டேன், சாப்பாட்டைப் பற்றிக் கேக்கல்ல. அம்மை மேல தப்பில்ல."

தங்கராஜன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "அங்க பச்சை இலையைக் கண்ணால காண முடியாது சாரே. அம்மைக்க தோரன் திங்கணும்னு நினைச்சிட்டாக்கும் வந்தேன்" என்றான். பிறகு சட்டைக் கையை மடக்கிவிட்டு, "எனக்க ரத்தம் சேருமா பாருங்க" என்றான். பொருத்தம் பார்த்தேன், சேர்ந்தது. மறுநாள் காலையில் வசந்தாவின் ரத்தம் குழாயில் உறைய வேண்டிய நேரத்துக்குப் பக்கத்தில் உறைந்து நின்றது. நான் எண்ணைக் கத்திச் சொன்னேன். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் தாயம்மை என்னிடம், "வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் பிடுங்கிக் களைஞ்சிருவேன் சாரே. ஒரு இலை வைக்க மாட்டேன்" என்றாள்.

டாக்டர் என் பக்கம் பார்க்காமல் நேராக அவளிடம் சொன்னார். "பிடுங்கவேண்டாம். கீரை நல்லது. கர்க்கடகமானாலும் ஓணமானாலும் தினமும் ஒரே அளவு குடுக்கணும். ஒரு கைப்பிடி. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அதுக்குத் தக்க மாத்திரையை நான் எழுதுவேன்."

தாயம்மை என்னை நோக்கித் திரும்புவாள் என்று எதிர்பார்த்தேன். திரும்பவில்லை.

"யாருக்க கைப்பிடி டாக்டரே? எனக்கதா, அவளுக்கதா?"

அத்தனை வருடத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. இவ்வளவு சரியான கேள்வியை அதற்குப் பிறகும் நான் எந்த வார்டிலும் கேட்டதில்லை. டாக்டர் அவள் கையைப் பார்த்தார்.

"உங்களுக்க கைப்பிடி, தாயம்மை. வேற யாரும் பறிக்கவேண்டாம்."

அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கர்க்கடகங்கள் வந்து போயின. வசந்தா மாதா மாதம் வந்தாள். தையல் படித்தாள், வீட்டிலேயே மிஷின் போட்டாள். தங்கராஜன் திரும்பிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனான். கூடவே வரும் தாயம்மையை டாக்டர், "வாங்க" என்பார். அவளும் மழையைப் பற்றி, ரப்பர் விலையைப் பற்றி அவரிடம் இரண்டு வார்த்தை பேசுவாள். எனக்குத் தபால்காரி வேலை போயிற்று. வசந்தாவின் எண் மட்டும் அசையவே இல்லை. அவள் குழாயைப் பிடிக்கும்போது எப்போது நிற்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். வேலையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த வருடங்கள் அவை.

பிறகு ஒரு மாதம் வசந்தா தனியாக வந்தாள். கையை நீட்டினாள், ரத்தம் எடுத்தேன். குழாய் நிற்க வேண்டிய நேரம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. ரிப்பீட் போட்டேன். என் ரத்தத்தையும் வைத்துப் பார்த்தேன். மாத்திரை மாறியதா என்று கேட்டேன், இல்லை. காய்ச்சல், வேறு மருந்து ஏதாவது? இல்லை என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு கேட்கவேண்டிய கேள்வி என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"மக்கா, கீரை யாரு பறிக்கியது?"

"நானாக்கும் சாரே" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மை போயிட்டா. வந்ததும் சொல்லணும்னுதான் நினைச்சேன். வாயைத் திறந்தா அழுதிருவேன்னு கையை நீட்டினேன்."

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. வசந்தாவிடம் கையை மேஜைமேல் வைத்து மூடிக் காட்டச் சொன்னார். தையல் ஊசி குத்திய தழும்புகளுடன், அம்மாவின் கையைவிட மிகச் சிறிய கை. பிறகு தாயம்மையின் கைக்கு எழுதிய மாத்திரை அளவை அடித்துவிட்டு, அவள் மகளின் கைக்கு எழுதினார். நான் லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.